நீல டிரம்மில் இருந்த உப்புத் தண்ணீர்

மாதா துணை

மர்பி டவுன், பெங்களூர் - 8
நவம்பர் 23, ஞாயிறு

அன்பு மகள் லவினாவுக்கு அம்மா பெர்னதெத் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் நலம், நீ அந்தக் கால்வே ஊர்க் குளிரில் நல்லபடியாக இருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு மணி உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். நலம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், அதனால் எழுதிவிட்டேன். படித்து முடித்த பிறகு அந்த வார்த்தையை நீயே அடித்துவிடலாம்.

போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து பேசுவதுதானே, என் போனில் எது வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பாதான் முதலில் படிப்பார், அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை. இப்போது எதிர் வீட்டில் பிரிஸில்லாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறாள், பையில் இடம் வைத்திருக்கிறாளாம், பருப்புப் பொடி, குல்குல், உன் பழைய கம்பளிச் சட்டை எல்லாம் அவளிடம் கொடுத்திருக்கிறேன், ஆஸ்பத்திரி வேலை செய்கிற பெண்ணை அலைய விடாமல் நீயே போய் வாங்கிக்கொள். குல்குல் உருட்டக் கூப்பிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன், அது பாதி உண்மைதான், கை முழுக்க மாவு, காகிதத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அதனால்தான். தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாசல் கதவைத் திறந்தால் தூசு, அப்பா கதவு இடுக்கில் ஈரத்துணி சுருட்டி வைக்கிறார், எனக்காக இல்லை, மீன் டேங்குக்காக. காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் குளிர் ஏறும்.

டேங்க் விஷயமாகத்தான் எழுதுகிறேன். பவழமும் மீனும் வளர்க்கிற ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியை ஹாலில் வைக்க என் சோபாவை நீயும் அப்பாவும் எடுத்து மாடியில் போட்டீர்களே, வீட்டுக்குள்ள கடலைக் கொண்டாந்து வைக்கிறவங்க ஊர்ல நீங்க ரெண்டு பேர்தான் இருப்பீங்க என்று நான் சண்டை போட்டேனே, அந்த டேங்கின் மேல் எனக்கு ஆசை வந்தது நீ விமானம் ஏறின பிறகுதான். நீ இல்லாத ஹாலில் அது மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, கோலார் தங்க வயல்ல சாம்பியன் ரீஃப்ல பொறந்தேன், இப்போ வீட்டுக்குள்ளயும் பவழ ரீஃப்தான் என்று சொல்லிச் சிரிப்பார், நானும் ஐம்பதாவது தடவையாகச் சிரிப்பேன். இந்த மே மாதம் பவழமெல்லாம் செத்தது உனக்குத் தெரியும். அப்பாவே உன்னிடம் போனில் சொன்னார், கண் ஆபரேஷனுக்கு முன்னால கலந்து வச்ச தண்ணியில உப்பு போட மறந்துட்டேன்மா, வாரா வாரம் வெறும் தண்ணியை ஊத்தி உன் பவழத்தைக் கொன்னுட்டேன் என்று. நீ, போனா போகுதுப்பா, ஆனா ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், நான் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன். ஆனால் லவி, அப்பா மறக்கவில்லை. உப்பைப் போட்டார், அளந்துதான் போட்டார். அந்தத் தண்ணீரைக் கொட்ட வைத்தது நான்.

எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. மார்ச்சில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன், ஏப்ரலில் அடுத்த கண்ணுக்கு, குனியக்கூடாது தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பத்து வாரத்துக்கு ஆகிற மாதிரி ஒரேயடியாக இருநூறு லிட்டர் கலந்து வைத்துவிடலாம் என்று அப்பா திட்டம் போட்டிருக்கிறார். டேங்குக்கு வாரா வாரம் மாற்றுகிற தண்ணீரை எப்போதும் ஹாலிலேயே வெள்ளைத் தொட்டியில் இருபது லிட்டர்தானே கலப்பார், அது எனக்குத் தெரியும். இந்த டிரம் விஷயம் எனக்குத் தெரியாது, நான் அந்த இரண்டு நாளும் சித்தி மாமியாரின் நாற்பதாம் நாள் பூசைக்குத் தங்க வயல் போயிருந்தேன். ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, உப்பைப் போட்டு, மோட்டார் விட்டுக் கலக்கி, பின்கட்டில் மூடி வைத்து, பெரிய எழுத்தில் சால்ட் வாட்டர் என்று லேபிள் ஒட்டிவிட்டார். லேபிள் ஒட்டின பிறகு வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்பது அவர் கட்சி, பொம்மசந்திராவில் இருபத்தெட்டு வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டியே காலம் தள்ளினவர். நான் ஊரிலிருந்து வந்து பார்க்கிறேன், பின்கட்டில் புதிதாக ஒரு நீல டிரம், மேலே சால்ட் வாட்டர். நீயே சொல், நம் வீட்டில், நம் தெருவில், இந்தப் பெங்களூரில் சால்ட் வாட்டர் என்றால் என்ன? காவேரித் தண்ணீர் ஒரு குழாய், போர்வெல் தண்ணீர் ஒரு குழாய், குடிக்கிறதுக்கு அது, கழுவுகிறதுக்கு இந்த உப்புத் தண்ணீர். தண்ணீர் கஷ்டம் தலைக்கு மேல் போயிருந்த நேரம், காவேரி நாலு நாளைக்கு ஒருமுறை வந்தது, போரும் இழுத்து இழுத்து வந்தது, மனுஷன் ஆபரேஷனுக்கு முன்னால் எனக்காக ஒரு டிரம் போர் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார் பார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சந்திரம்மாவைக் கூப்பிட்டு, அந்த உப்பு நீரு டிரம்மிலிருந்து எடுத்துப் படி கழுவு, பாத்ரூமுக்கு ஊற்று, போர் வரும்போது திரும்ப ரொப்பி வைத்துவிடு என்று என் வாயால் சொன்னேன். எட்டு வருஷமாக நம் வீட்டில் வேலை செய்கிறவள், சொன்னதைச் செய்தாள். இரண்டு வாரத்தில் அப்பா கலந்தது முழுக்கச் சாக்கடைக்குப் போய், டிரம்மில் இருந்தது வெறும் போர் தண்ணீர். சனிக்கிழமை சாயங்காலம் நான் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போய் வருவதற்குள் அப்பா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேங்கிலிருந்து இருபது லிட்டர் வடித்துவிட்டு, டிரம்மிலிருந்து டியூப் போட்டு மோட்டார் பட்டனைத் தட்டி இருபது லிட்டர் ஏற்றிவிடுவார். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பீர்களே, அந்தக் குழல், அதில் கோடு பார்க்க அவருக்கு அப்போது கண் இல்லை. படியெல்லாம் வெள்ளையாகப் பூத்தது, வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடி பத்தே நாளில் குச்சியாகிவிட்டது, நான் வெயில் என்று நினைத்தேன். பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது, கட்டுப் போடாத கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மே கடைசியில் டேங்க் முழுக்கப் பச்சை. தேங்காய் நார் மாதிரி நீளநீளமாகப் பாசி, கல்லே தெரியவில்லை. உன் விரல்நுனி அளவில் வந்து சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததே அந்தப் பவழம், அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. அன்றைக்குத்தான் அப்பா தெளிந்த கண்ணோடு டேங்கை அளந்தார், பிறகு பின்கட்டுக்குப் போய் டிரம் அடியில் இருந்த ஒரு சாண் தண்ணீரை அளந்தார். திரும்பி வந்தவர் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பெர்னி, டிரம்ல உப்பே இல்ல, நான் போட்டேனே, கொட்டினது, கலக்கினது, எல்லாம் ஞாபகம் இருக்கே, நடக்காததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு பெர்னி என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, படி, கறிவேப்பிலை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பயம், இத்தனை வருஷத்துப் பவழத்தை நான் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது. இரண்டாம் நாள் வெட்கம், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்கிறேன். அப்பா சாந்தமாகிவிட்டார். முப்பத்தெட்டு வருஷமாக, உனக்கு ஒண்ணும் தெரியாது நீ சும்மா இரு என்று சொன்ன மனுஷன், இது சரியா பெர்னி, அது சரியா பெர்னி என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மாதம் போலப் பிடித்திருந்தது. அந்த ஒரு மாதத்துக்காக இப்போது படுகிறேன்.

ஜூனில் மொத்தத்தையும் காலி செய்தார். கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இருட்டில் ஆறு வாரம் ஊற வைத்து, புது மணல் போட்டு, ஆகஸ்டில் மறுபடியும் தண்ணீர் நிரப்பினார். பன்னும் பட்டரும் மட்டும் அதுவரை பக்கெட்டில் உயிரோடு இருந்தன, நீ பெயர் வைத்த ஜோடி மீன்கள் கெட்டி உயிர். இந்தத் தடவை ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கையெழுத்து, செய்தவர் டொமினிக், சரிபார்த்தவர் பெர்னதெத். கம்பெனியில் அப்படித்தானாம், ஒரு ஆள் செய்தால் இன்னொரு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். உப்பு ஒரு கப் போடுகிறார், நான் பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். தினமும் போடுகிறேன் லவி. நான் பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்து, கரெக்டா இருக்கா என்று கேட்கிறார், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. செப்டம்பரில் நாலு சின்னப் பவழம் வாங்கி வைத்தார், அக்டோபரில் மறுபடி பச்சை, அதை எடுத்து முடிப்பதற்குள் கஞ்சி ஏடு மாதிரி பழுப்பாக வழவழவென்று ஒன்று மணல் மேல் படர்ந்தது. கல் குடித்த போர் தண்ணீர்தான் இன்னும் கசிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, நீ வீட்டில் இருந்தபோது பாஸ்பேட் அது இது என்று சொல்வாயே. அவரோ நோட்டைப் புரட்டுகிறார், கையெழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, அப்படியென்றால் நோட்டில் எழுதாத எதையோ செய்துவிட்டு மறந்துவிட்டேன் என்கிறார்.

அவர் பயம் எதற்கு என்று உனக்குத் தெரியும். கில்பர்ட் பெரியப்பா பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி மாரிகுப்பம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாரே, கடைசி இரண்டு வருஷம் அப்பாவைத் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, வாரா வாரம் போய் அண்ணனைக் குளிப்பாட்டிவிட்டு வந்தவர் அப்பா. அண்ணாவுக்கு அறுபத்தாறுல ஆரம்பிச்சுது, எனக்கும் கரெக்டா அறுபத்தாறு என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். நீ சொன்னபடி நரம்பு டாக்டரிடம் காட்டினோம். கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்டார், எல்லாம் சரியாகச் செய்தார், வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆட்டோவில் வரும்போது அப்பா, அந்த டெஸ்ட் அதுக்குள்ள இருக்கிறதைத்தான் அளக்கும், உப்பு போட்டியான்னு அது கேக்கலையே என்றார். ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். பேங்க் கார்டையும் கொடுத்துவிட்டார். கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. கோவிலில் வாசகம் வாசிப்பதையும் விட்டுவிட்டார், வரி தவறிவிடுமாம். சாம்பியன் ரீஃப் ஜோக்கை யாரிடமும் சொல்வதில்லை, நான் எடுத்துக் கொடுத்தால்கூட அப்படியா என்கிற மாதிரி பார்க்கிறார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். சாமியார், என்கிட்ட சொன்னது சரிம்மா, அவர்கிட்ட சொல்லுங்க என்றார். போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, டிரம்மிலிருந்து கறிவேப்பிலை வரை எல்லாம் சொன்னேன், அழுதேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்து, லவி ஸ்கூட்டரை சுவத்துல இடிச்சப்பவும் நான்தான் இடிச்சேன்னு சொன்னவதானே நீ என்றார். நம்பவில்லை லவி. அவர் மனசைத் தேற்றுவதற்காக நான் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று நினைக்கிறார். நீ உடைத்த டம்ளர், நீ கட்டாத ஃபீஸ், நீ லேட்டாக வந்த ராத்திரி, எல்லாவற்றுக்கும் உனக்காக நான் சொன்ன பொய்யெல்லாம் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. உப்புப் பை காலியாகத்தான் இருந்தது, நான்தான் குப்பைக்குப் போட்டேன் என்றேன், அது மட்டும் உனக்கு எப்படி அவ்வளவு கரெக்டா ஞாபகம் என்று சிரித்தார். கறிவேப்பிலை வருஷா வருஷம் வெயிலில் சாகிறதுதான் என்றார். டிரம்மில் கடைசியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது, அவர் கணக்குப்படியும் அவ்வளவுதான் மிஞ்ச வேண்டும், யாரோ எடுத்து யாரோ ரொப்பியிருந்தால் எப்படி அச்சாக அந்த அளவில் நிற்கும் என்று கேட்டார். மழை வந்ததும் சந்திரம்மா ரொப்புவதை நிறுத்திவிட்டாள், அது தற்செயலாக அங்கே நின்றது, இதை எப்படி நான் நிரூபிப்பேன். போர் தண்ணீரைப் பிடித்து அவர் டெஸ்ட் பாட்டிலிலேயே மருந்து விட்டுக் காட்டினேன், சிவப்பாக மாறியது. போர் தண்ணி கெட்டதுன்னு காட்டுது, யார் ஊத்தினாங்கன்னு காட்டலையே என்றார். அவர் சொல்வது சரிதான், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

சந்திரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அதைவிடப் பெரிய தப்பு இல்லை. அப்பா எதிரில் நிற்க வைத்து, அந்த நீல டிரம்மிலிருந்து எடுத்துத்தானே படி கழுவினாய் என்று கேட்டேன். அவள் டேங்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அந்தப் பவழமெல்லாம் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும், நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நா முட்டே இல்லம்மா, தொடவே இல்லை என்று கண்ணில் தண்ணீரோடு சத்தியம் பண்ணினாள். உன் மேல ஒரு குத்தமும் இல்ல, நான் சொல்லித்தானே செஞ்ச என்று பின்கட்டில் வைத்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அப்போதும் இல்லம்மா இல்லம்மா என்றுதான் சொல்கிறாள். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. இனி அவளை வற்புறுத்த எனக்கு மனமில்லை, என் வாயால் வந்த வினைக்கு அவள் ஏன் நடுங்க வேண்டும். அப்பா என்னைக் கூப்பிட்டு, ஏழைப் பொம்பளையை இதுல இழுக்காத பெர்னி, எனக்குப் புரியுது என்று சொன்னார். என்ன புரிந்தது அவருக்கு, ஒன்றும் புரியவில்லை.

டிசம்பர் பதினாலாம் தேதி டேங்கை எடுத்துப் போக ஆள் வருகிறது. பொம்மனஹள்ளியில் மீன் கடை வைத்திருக்கிற யுவன் என்பவர், அப்பாவே போன் செய்து சொல்லிவிட்டார், சும்மாவே கொடுக்கிறார். உயிர் உள்ளதை எதையும் என் பொறுப்புல விடக்கூடாது என்கிறார். பன், பட்டர் உட்பட. டேங்க் போனால் போகட்டும், சோபாவை இறக்கிக்கொள்ளலாம் என்று பழைய பெர்னதெத் சொல்லியிருப்பாள். இப்போது அவர் காலை எழுந்ததும் போய் நிற்கிற இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கில்பர்ட் பெரியப்பாவுக்கு வந்தது தனக்கு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார். போன வாரம் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டார். பயத்தில் வந்த மறதியா, நிஜமாகவே வந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை கண்ணு. நான் திருத்தாமல் விட்ட பொய்யே உண்மையாகிவிடுமோ என்று பூசையில்கூட அதே நினைப்பு. என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், இனி செய்ய என் கையில் ஒன்றும் இல்லை.

இன்று காலை பூசை முடிந்து வரும் வழியில் பிரிஸில்லா, அவள் அம்மா எப்போதோ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டுக் காட்டிச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த அந்த வாரம், தண்ணிக் கஷ்டம் எப்படிம்மா இருக்கு என்று நீ எழுதியிருந்தாய், நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நாலு நிமிஷம் இருக்கும். அதில் சித்தி வீட்டுக் கதை, உன் கல்யாணப் பேச்சு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், அப்பா புண்ணியத்துல பின்கட்டுல ஒரு நீல டிரம் உப்புத் தண்ணி இருக்கு, அதுலதான் படி, பாத்ரூம் எல்லாம் ஓடுது, போர் வரப்போ சந்திரம்மா ரொப்பிடறா, நீ கவலைப்படாத என்று சொன்னேன். சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ ஒரு சிரிப்புப் பொம்மையும் ஒரு இதயமும் அனுப்பினாய். என் போன் ஜூனில் அப்பாவுக்கு டார்ச் பிடிக்கும்போது டேங்கில் விழுந்து செத்தது, புதுப் போனில் பழையது எதுவும் வரவில்லை. உன் போனில் இருக்கும். நீ அதைத் தேடி எடுத்து, ஏதோ தேடும்போது உனக்கே கிடைத்த மாதிரி, நான் கேட்டேன் என்று சொல்லாமல், அப்பா போனுக்கு நேராக அனுப்பு. அதனால்தான் பிரிஸில்லா போனிலிருந்தும் உன்னோடு பேசவில்லை, பேசினால் அழுவேன், நீ உடனே அவரைக் கூப்பிடுவாய், அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடுவார். அந்த மெசேஜில் தேதி இருக்கும், டிரம் இருக்கும், சந்திரம்மா பெயர் இருக்கும், எதுவும் நடப்பதற்கு முன்னால் நான் பேசினது. அளந்ததை நம்புகிறவர், தேதி போட்டதை நம்புவார்.

ஒருவேளை அழித்துவிட்டிருந்தால், கேட்ட ஞாபகம் இருக்குப்பா, அம்மா அப்பவே சொன்னாங்க என்று அவரிடம் சொல்லு. பொய் சொல்லச் சொல்லி உனக்கு நான் சொன்னதே இல்லை, உனக்காக நானேதான் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு தடவை எனக்காக நீ சொல்லு, பாவசங்கீர்த்தனம் நான் செய்துகொள்கிறேன். உன்னை நம்புவார்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், போகிற வழியெல்லாம் காவல் சம்மனசு கூடவே இருக்கட்டும், நல்ல வேலை, நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம் உனக்குக் கிடைக்கட்டும் என்று உச்சந்தலையில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ராத்திரி பிரெட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு கை சோறு வடித்துச் சாப்பிடு. பதினாலாம் தேதியை மறந்துவிடாதே. அந்த மெசேஜுக்குப் பக்கத்தில் ஒரு மைக் படம் இருக்குமே, கேட்டுவிட்டால் நீலமாக மாறுமே, அது மாறுகிறதா என்று அப்போது தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், போன் சாகும்வரை மாறவே இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, நான் நீளமாகப் பேசுகிறவள், உனக்கு வேலை. இப்போது ஒரு தடவை முழுசாகக் கேளு.

என்றும் உன் அம்மா,
பெர்னதெத் டொமினிக்